இன்டெல் ஐ3-12100: வீட்டுக் கணினிக்கு நிறைவான செயலி

இணையம் உலாவவும் படம் பார்க்கவும் அம்மாவுக்கென நான் பூட்டிக் கொடுத்த கணினியில், 2022-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ3-12100 செயலி (பிராசசர்) இரண்டு ஆண்டுகளாகக் குறையின்றி உழைக்கிறது. 4 கோர்கள் கொண்ட இதில் கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு தேவைப்படவில்லை. அதைவிட முக்கியமாக, யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 என்ற சுருக்க வடிவிலுள்ள வீடியோவைச் செயலியின் வன்பொருளே கையாள்வதால், 4கே காட்சி ஓடும்போதும் மின்விசிறியின் இரைச்சல் கூடுவதில்லை. (12100எஃப் வகையில் கிராபிக்ஸ் கிடையாது என்பதால், விலை குறைவென்று அதை வாங்கிவிடாதீர்கள்.) முதலில் போட்ட 8 ஜிபி ரேம் இருபது டேப்களுக்கே திணறியதால், இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன். நெடுநாள் உழைக்க வேண்டுமானால், கேபினட்டுடன் வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸைத் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தவிர்த்து, மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் சான்று பெற்ற ஒன்றைத் தனியாக வாங்குவதே நல்லது. அந்தச் செலவில் நான் சிக்கனம் பார்க்கவில்லை.