டீசல் காருக்கு டியூனிங் பாக்ஸும் ரீமேப்பும்: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

புகையிலுள்ள கரித்துகள்களைப் பிடிக்கும் துகள் வடிகட்டி (டிபிஎஃப்) இல்லாத என் பழைய டர்போ டீசல் காருக்கு முதலில் வாங்கியது டியூனிங் பாக்ஸ். இன்ஜெக்டர்களுக்கு (எரிபொருளைப் பீய்ச்சும் முனைகளுக்கு) டீசல் தரும் பொதுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சாரின் இணைப்பில் செருகப்படும் இக்கருவி, உண்மையான அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை அதிக எரிபொருள் அழுத்தம் தரச் செய்கிறது. ஆனால் அதற்கு ஈடாகக் காற்றின் அளவு கூடாததால், மேட்டில் மிதித்தபோதெல்லாம் பின்னால் கரும்புகை எழுந்தது.

அதைக் கழற்றிவிட்டுச் செய்த ரீமேப், அதாவது ஈசியூவின் மென்பொருளையே மாற்றி எழுதுவது, எரிபொருள் அளவு, பீய்ச்சும் நேரம், டர்போவின் பூஸ்ட் (அது உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஆகிய மூன்றையும் சேர்த்துத் திருத்துவதால், இழுவை சீராகக் கூடியது. எனினும் ஐந்தாவது கியரில் முழுவதும் மிதித்தால், ஆர்பிஎம் முள் துள்ளி ஏறியும் வேகம் அசையவில்லை. கிளட்ச் நழுவியிருக்கிறது! இதை முன்கூட்டியே எச்சரிக்காதது அந்தப் பணிமனையின் பெருங்குறை. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை (இன்ஜினின் முறுக்குவிசையை) குறைத்து மீண்டும் எழுதச் சொன்ன பிறகே நிம்மதி கிடைத்தது.

விலையுயர்ந்த ஏர் ஃபில்டரால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ரீமேப் செய்ய நினைப்பவர்கள் டர்போ குழாய்களில் கசிவு உண்டா, இன்ஜெக்டர்கள் சீராக உள்ளனவா, கிளட்ச் தாங்குமா என்பதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். துகள் வடிகட்டியுள்ள கார் என்றால், அதை அகற்றச் சொல்லும் பணிமனைக்குள் நுழையவே வேண்டாம்.