பவியாவில் உரைத்துப் பார்த்த ‘பைக் அண்ட் ஷாட்’

16, 17ஆம் நூற்றாண்டுப் போர்களை மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆட வார்லார்ட் கேம்ஸ் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த விதிநூல் ‘பைக் அண்ட் ஷாட்’. அதே நிறுவனத்தின் இன்னொரு விதிநூலான ‘பிளாக் பவுடர்’ ஆடியவர்களுக்குப் பாதி விதிகள் முன்பே தெரிந்திருக்கும். இதை உரைத்துப் பார்க்கச் சரியான களம் 1525 பிப்ரவரி 24இல் வட இத்தாலியில் பிரெஞ்சுப் படைக்கும் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைக்கும் நடந்த பவியா போர். நீள ஈட்டிப் படை, ஆர்க்கபஸ் துப்பாக்கி, முழுக்கவசக் குதிரைப்படை, பீரங்கி என அந்தக் காலத்தின் எல்லாமே அங்கே ஒரே பூங்கா மதிலுக்குள் மோதின. பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா சிறைபிடிக்கப்பட்டதும் அங்கேதான்.

இந்த விதிநூலின் உயிர், கட்டளைக்காகப் பகடை உருட்டும் கட்டளை வீச்சில் இருக்கிறது. தளபதி என்ன செய்யச் சொல்கிறார் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகுதான் இரண்டு பகடை. அவருடைய கட்டளை மதிப்பு 8 என்றால், கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் யூனிட், அதாவது கட்டளை பெறும் படைப்பிரிவு, நகராது. 7, 8 வந்தால் ஒரு நகர்வு, 6க்கு இரண்டு, 5 அல்லது குறைந்தால் மூன்று. கணக்கில் இது 72 சதவீத வெற்றி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு முறை தவறினால் அந்தத் தளபதி அந்தச் சுற்றில் வேறு யாருக்கும் கட்டளை தர முடியாது. நான்கு யூனிட்டுக்குத் தனித்தனியாகச் சொன்னால் நான்கும் கேட்க 27 சதவீத வாய்ப்புதான். யூனிட் தளபதியிடமிருந்து 12 அங்குலம் தள்ளி நின்றால் மதிப்பில் ஒன்று குறையும், வெற்றியும் 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எனவே எது நகர்ந்தே ஆக வேண்டுமோ அதற்கு முதல் கட்டளை. மற்றவற்றை ஒட்டி நிறுத்திக் குழுவாக ஒரே வீச்சில் நகர்த்தலாம், தவறினால் மொத்தமாக நிற்கும் என்று தெரிந்தே. பவியாவில் பிரெஞ்சுப் படையின் பகுதிகள் ஒன்றுக்கொன்று துணைக்கு வராமல் சிதறிக் கிடந்ததை இந்த ஒரு விதி அழகாகக் கொண்டுவந்துவிடுகிறது. தனியாக ‘குழப்ப விதி’ எதுவும் எழுதத் தேவையில்லை.

அதே விதியில்தான் பெரிய ஓட்டையும் இருக்கிறது. குதிரைப்படையின் ஒரு நகர்வு 18 அங்குலம். மூன்று நகர்வு கிடைத்தால் 54. ஆறடிக்கு நாலடி மேசையின் அகலமே 48 அங்குலம்! முதல் சுற்றிலேயே ஜான்டார்ம்கள் (பிரெஞ்சு முழுக்கவசக் குதிரை வீரர்கள்) எதிரியின் பின்வரிசையில் போய் நின்றால் ஆட்டம் கெட்டுவிடும். நூல் பெரிய மேசையை மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டு மேசையில் நகர்வு, சுடும் தூரம், கட்டளைத் தூரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். நகர்வை மட்டும் பாதியாக்கித் துப்பாக்கித் தூரத்தை அப்படியே விட்டால், குதிரை கிட்ட வரும் முன்பே செத்துவிடும்.

துப்பாக்கிச் சூடு மேலோட்டமாகப் பார்த்தால் சப்பென்று தெரியும். 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. பிறகு அடிபட்டவர், அடியைத் தடுக்கும் ‘சேவ்’ பகடை வீச வேண்டும். கனத்த கவசத்துக்கு 3+ சேவ் (3 அல்லது மேல் விழுந்தால் அடி தடுக்கப்படும்) என்று வைத்தால், ஆறு பகடை சுட்டும் சராசரியாக ஒரே ஒரு சேதம்தான். இதைப் பார்த்துவிட்டு ஆர்க்கபஸ் உதவாது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. கவனிக்க வேண்டியது சுடும்போது 6 விழும் பகடையை. சேவ் பலித்தாலும் பலிக்காவிட்டாலும், ஒரு 6 விழுந்தால் அந்த யூனிட் குலைந்துவிடும். தன் அடுத்த சுற்றில் கட்டளைக்கு நகராது. ஆறு பகடையில் ஒரு 6 ஆவது வர ஏறக்குறைய 67 சதவீதம் வாய்ப்பு. கவசம் உயிரைக் காக்கும், அணியைக் காக்காது. பேரரசுப் படைத் தளபதி பெஸ்காராவின் ஆர்க்கபஸ் வீரர்கள் மரங்களுக்கிடையே நின்று பிரான்சுவாவின் குதிரைகளை நிறுத்தியதை இவ்வளவு எளிய விதியில் கொண்டுவந்திருப்பது பாராட்டத்தக்கது. ஒரே யூனிட்டைத் தரைமட்டமாக்கப் பார்க்காமல், ஆபத்தான இரண்டு யூனிட்டுக்குச் சூட்டைப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் லாபம்.

நீள ஈட்டிப் படையும் துப்பாக்கிப் படையும் தனித்தனி யூனிட்டுகள். ஒரே ரெஜிமென்ட்டுக்கு நடுவில் ஈட்டி ஒன்று, இருபுறமும் துப்பாக்கி இரண்டு என மூன்று யூனிட்டை நகர்த்த வேண்டியிருப்பதால் நேரம் இழுக்கும். புதியவர்கள் துப்பாக்கிப் படையை ஈட்டியைவிட்டு முன்னே தள்ளி, குதிரைக்குப் பலிகொடுப்பது வழக்கம்.

பொம்மைகளை இந்த அளவுத் தட்டில்தான் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரு தரப்பு யூனிட்டுகளின் முகப்பு அகலமும் ஒன்றாக இருந்தால் போதும். வேறு விதிநூலுக்குச் செய்த படை அப்படியே ஆடும். சேதம், குலைவு இரண்டுக்கும் வேறு வேறு நிறக் குறிகள் அவசியம். கட்டளையில் வார்த்தைக்கு வார்த்தை என்ன சொன்னோம் என்று வாதாடுபவர்களுக்கும், போட்டிக்குச் சமபலப் படை தேடுபவர்களுக்கும் இந்த நூல் ஒத்துவராது. நண்பர்கள் தரப்புக்கு இரண்டு மூன்று பேராகப் பிரிந்து, ஆளுக்கொரு பிரிகேட் (ஒரு தளபதியின் கீழுள்ள யூனிட்டுகளின் குழு) எடுத்தால் நன்றாக ஓடும்.

பவியா ஆடுவதாக இருந்தால், பிரெஞ்சு பீரங்கியைக் குதிரைப்படைக்கு நேர் பின்னால் வையுங்கள். நட்புப் படையை ஊடுருவிச் சுட முடியாது என்பதால், மன்னர் பாய்ந்ததும் பீரங்கி வாயடைத்துப் போகும். அன்றும் அதுதான் நடந்தது. பிரெஞ்சுத் தரப்பை எடுப்பவர் அந்தப் பாய்ச்சலை ஒரு சுற்று தள்ளிப்போட்டு, பீரங்கியை முதலில் பேசவிட்டால் முடிவு மாறக்கூடும்.