லாஸ் வேகாஸ் ஜாக்பாட் போக்கர் இயந்திரம்: லாபம் உண்டா?

மதுரைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, லாஸ் வேகாஸில் இரண்டு மாலைப் பொழுதுகளை வீடியோ போக்கர் இயந்திரத்தின் முன் கழித்தேன். ஊர் திரும்பிய நாளிலிருந்து எங்கள் தல்லாகுளம் தெரு இளைஞர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், அந்த மெஷின்ல கணக்குப் போட்டு ஆடினா லாபம் பார்க்கலாமாமே?" அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஆடியது 25 சென்ட் இயந்திரம். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து காயின், அதாவது ஒன்றேகால் டாலர். திரையில் விழும் ஐந்து சீட்டுகளில் வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒருமுறை மாற்றலாம். ஜாக்கி ஜோடி முதற்கொண்டு பணம் உண்டு. ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை ஐந்தும் சேர்வது ராயல் ஃப்ளஷ். சாதாரண இயந்திரத்தில் அதற்கு 4,000 காயின். ஜாக்பாட் இயந்திரங்களிலோ, ஆடுவோர் போடும் காசில் ஒரு சிறு பங்கு சேர்ந்து சேர்ந்து, யாருக்காவது ராயல் விழும்வரை அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகும். நான் உட்கார்ந்தபோது மீட்டர் 2,214 டாலர் காட்டியது.

இந்த இயந்திரத்தில் நான் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. நெவாடா மாநில விதிப்படி, சீட்டைக் காட்டும் இயந்திரம் உண்மையான கட்டின் நிகழ்தகவையே பின்பற்ற வேண்டும். ஆகவே பரிசு அட்டவணையைப் பார்த்தாலே நீண்ட கால வரவைக் கணக்கிட்டுவிடலாம். ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்றும் வேறொரு மதிப்பில் இரண்டும்) 9 மடங்கும் ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 மடங்கும் தரும் இயந்திரம், பிழையின்றி ஆடினால் 99.54 சதவீதம் திருப்பித் தரும். அதே இரண்டு வரிகள் 8, 5 என்று குறைந்தால் 97.30 சதவீதம்தான். நான் ஆடிய ஜாக்பாட் இந்த இரண்டாம் வகை.

இரண்டாம் நாள் மாலை ஆட்டின் (ஹார்ட்) இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா நான்கும் ஒன்றாக வந்தன. நான்கையும் வைத்துக்கொண்டு ஒரு சீட்டை மாற்றினேன். மீதமிருந்த 47 சீட்டுகளில் ஏஸ் ஒன்றுதான் வேண்டும். வந்தது ஆட்டின் மூன்று. ஃப்ளஷ் என்று 25 காயின் ஏறியது. நல்ல அட்டவணையில் அது 30 ஆகியிருக்கும். மேலே மின்னும் தொகையின் விலையை ஆடுபவர் இப்படித்தான் ஒவ்வொரு ஃப்ளஷிலும் ஃபுல் ஹவுஸிலும் செலுத்துகிறார்.

ஜாக்பாட் ஏறினால் இந்தக் குறை ஈடாகாதா என்றால், ஈடாகும். ஆடும் முறையையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டால், சுமார் 8,700 காயினில், அதாவது 2,175 டாலரில், வரவும் செலவும் சமமாகின்றன. அப்படிப் பார்த்தால் 2,214 டாலர் எனக்குச் சற்றே சாதகம். ஆனால் அந்தக் கணக்கு அமெரிக்கருக்கானது. நம்மைப் போன்ற இந்தியர் இத்தகைய இயந்திரத்தில் பெரிய ஜாக்பாட் வென்றால், பணம் கைக்கு வருமுன்பே 30 சதவீத வரி பிடித்துவிடுவார்கள். 2024இல் 1,200 டாலரை எட்டினாலே அது பொருந்தியது. பிடித்தம் போக 8,700 காயின் மிஞ்ச வேண்டுமானால் மீட்டர் சுமார் 3,100 டாலரைத் தொட வேண்டும். பல ஊர்களில் அப்படி உயரக் காத்திருந்து ஆடுவதையே தொழிலாகக் கொண்டோர் உண்டு. பத்து நாள் பயணத்தில் போகிறவருக்கு அது இயலாது.

காலமும் கருதத்தக்கது. ராயல் ஃப்ளஷ் சராசரியாக 40,000 ஆட்டங்களுக்கு ஒருமுறை வரும். மணிக்கு 600 ஆட்டம் ஆடினாலும் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனையும் ஆடிய நூறு பேரில் சுமார் 37 பேர் ராயலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஏறத்தாழ 3,000 ஆட்டங்களில் 190 டாலர் இழந்தேன். ராயல் வராதபோது போட்ட பணத்தில் நூற்றுக்கு ஐந்து போல் கரையும் என்பது கணக்கு, அதன்படியே நடந்தது.

பொழுதுபோக்காக ஆட விரும்புவோர் ஜாக்பாட்டை விட்டுவிட்டு 9, 6 அட்டவணை உள்ள இயந்திரத்தைத் தேடுங்கள். ஐந்து காயினும் போடுங்கள், ஏனெனில் ஒரு காயின் போட்டால் ராயலுக்கு 250 மடங்குதான். லாபத்துக்காகப் போக எண்ணுவோருக்கு, பயணச்சீட்டு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இங்குள்ள கைப்பேசிச் செயலிகளுக்கு இந்த மதிப்பீடு எதுவும் பொருந்தாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றிய அரசு 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. சென்ற வாரம் ஒரு தம்பி காட்டிய செயலியில் 9, 6 என்ற அதே அட்டவணை தெளிவாக இருந்தது. அந்தக் கட்டைச் சோதிக்கும் அதிகாரி யார் என்று கேட்டேன், இருவரும் திரை முழுவதும் தேடினோம், ஒரு பெயரும் இல்லை.