மார்கழி விடுமுறையில் வரைய: வாட்டர்கலரா, அக்ரிலிக்கா?

அரையாண்டு விடுமுறையில் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோவார்கள். வரைய உட்கார்ந்தால் பாதியில் எழ வேண்டிவரும். அதற்கு வாட்டர்கலர்தான் தோது. அதில் நிறத்தைப் பிடித்துவைப்பது அரபிக் கோந்து. காய்ந்த கட்டியும் ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். பிரஷ்ஷைக் கழுவாமல் காபி போடப் போனால் அந்த பிரஷ் அவ்வளவுதான்.

ஆனால், மயிலாப்பூர் மாட வீதியின் விடியற்காலைக் கோலத்தை வரைவதென்றால் கதை தலைகீழ். வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளைதான். தண்ணீர் தெளித்த கருந்தரையைத் தீட்டும்போது ஒவ்வொரு இழையையும் விட்டுவிட்டுப் போக வேண்டும், அல்லது பிறகு உரித்தெடுக்கக்கூடிய மாஸ்கிங் திரவத்தால் முதலிலேயே மூட வேண்டும். அக்ரிலிக்கில் தரையை அடர்சாம்பலில் தீட்டி, காய்ந்ததும் மெல்லிய லைனர் பிரஷ்ஷால் புள்ளி வைத்து, நிஜக் கோலம் போடுகிற வரிசையிலேயே இழைகளை இழுக்கலாம். அந்தச் சுகமே தனி! நடுவில் சாண உருண்டைமேல் வைத்த பூசணிப்பூவுக்கு மட்டும் முதலில் வெள்ளையைப் பூசிவிடுங்கள். கருமைமேல் நேராகப் பூசினால் மஞ்சள் மங்கிவிடும்.

அப்புறம், சென்னை டிசம்பரின் ஈரக்காற்று. வாட்டர்கலர் மெதுவாகக் காயும். மேகம் கலந்த வானத்துக்கு நல்லது, அடுக்கடுக்காகத் தீட்டுகிறவர்களுக்குச் சோதனை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தடித்த காகிதம் வாங்குங்கள், பூஞ்சை பிடிக்காமல் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

என் தேர்வு: கோலத்துக்கு அக்ரிலிக், குளக்கரையில் உட்கார்ந்து கபாலீசுவரர் கோபுரம் வரைய வாட்டர்கலர்.