36,000 ரூபாய் போச்சு: மொரிஷியஸில் கடலோர யோகா விடுமுறை என்று யாராவது கூப்பிட்டால் உஷார்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு, யோகா விடுமுறை நடத்திய அந்த அம்மாவிடமிருந்து கடைசிச் செய்தி வந்தது. பிரெஞ்சில். "அமைதியாக இருங்கள் மேடம், உங்கள் கோபம் உங்களுக்கே நல்லதில்லை." அடுத்த நிமிஷம் என் நம்பரை பிளாக் பண்ணியாச்சு. 36,000 மொரிஷியஸ் ரூபாய், நம் ஊர்க் கணக்கில் அறுபதாயிரத்துக்கு மேல். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இங்கே மொரிஷியஸில், எபேனில் வேலை. காத்ர் போர்னில் குடியிருக்கிறோம். திருச்சியிலிருந்து என் அக்கா ஜூலையில் வந்திருந்தாள். முப்பது வருஷம் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், விமானம் ஏறுவதே முதல் தடவை. போன வருஷம் முட்டியில் ஆபரேஷன். தினமும் மெதுவாக யோகா செய்துதான் நடமாடுகிறாள். "கடற்கரையில் உட்கார்ந்து ஒரு நாளாவது பிராணாயாமம் பண்ணணும்டி" என்று கேட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து இந்த விளம்பரம் என் கண்ணில் பட்டது.

எட்டே பேர் கொண்ட சிறு குழு. மூன்று இரவு. ஃபிளிக் அன் ஃபிளாக்கில் கடலை ஒட்டிய வீடு, "எங்கள் சொந்தக் கடற்கரை". காலையில் கடலிலிருந்து எழும் சூரியனைப் பார்த்து சூரிய நமஸ்காரம். தமரினில் டால்ஃபின் பார்க்கப் படகு, ஷாமரேலின் ஏழு வண்ண மண், லே மோர்ன் மலையில் கொஞ்ச தூரம் நடை, ஒரு நாள் மதியம் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. ஆளுக்கு 18,000.

இதில் இரண்டு பொய்கள் விளம்பரத்திலேயே பல்லிளித்துக்கொண்டிருந்தன. ஃபிளிக் அன் ஃபிளாக் மேற்குக் கரை. அங்கே சூரியன் கடலில் மறையும், உதிக்காது. இந்தத் தீவின் கடற்கரை முழுக்க, அலை ஏறும் எல்லை வரைக்கும், பொதுச் சொத்து. சொந்தக் கடற்கரை என்று இங்கே யாருக்கும் கிடையாது. நாலு வருஷமாக இங்கே இருக்கிற எனக்கு இரண்டுமே தெரியும். தெரிந்தும் ஏன் ஏமாந்தேன் என்றால், தமிழ்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். இங்கே தமிழர் நிறையப் பேர். காவடிக்கு அரசு விடுமுறை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் மொழியான கிரியோல்தான். கோயிலில் தேவாரம் பாடுகிறவர்கூட வெளியே வந்ததும் கிரியோலுக்குப் போய்விடுவார். அவர்களைக் குறை சொல்லவில்லை, தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். எனக்குத்தான் வாரக்கணக்கில் ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாத ஏக்கம்.

ரோஸ் ஹில்லில் மாடியில் அவர்கள் ஆபீஸ். கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை, சுவரில் முருகன் படம். அந்த அம்மா எழுந்து வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வணக்கம், வாருங்கள், சாப்பிட்டீர்களா?" என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த சுத்தமான தமிழ். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் முன்னோர்களும் உங்கள் பக்கத்து ஊர்தான், நாம் ஒரே ரத்தம்" என்றார். தட்டில் விபூதி நீட்டினார். எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

18,000 ரூபாயை அங்கேயே, இங்கே போனில் பணம் அனுப்பும் ஜூஸ் செயலியில் அவர் நம்பருக்கு அனுப்பினேன். மீதி 18,000 ரொக்கமாக வேண்டும் என்றார். கீழே இறங்கி ஏடிஎம்மில் எடுத்து வந்து, ஆயிர ரூபாய் நோட்டுகளாக அவர் மேஜையில் எண்ணி வைத்தேன். இந்த ஊர் நோட்டில் தொகையைத் தமிழிலும் அச்சிட்டிருப்பார்கள். அக்கா ஒரு நோட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்த்துச் சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ரசீது கேட்டேன். "அக்கா, நமக்குள் ரசீது எதற்கு?" என்று நோட்டுகளை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். அந்தச் சாவி திரும்பிய சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினோம். கடலை ஒட்டிய வீடு இல்லை. பெரிய ரோட்டைத் தாண்டி உள்ளே, சவுக்குத் தோப்பைக் கடந்து கடலுக்குப் போகக் கால் மணி நேரம். எட்டுப் பேர் இல்லை, பத்தொன்பது பேர். எங்களுக்கு அறைகூட இல்லை, கூடத்தில் இரண்டு மெத்தை. ராத்திரிச் சாப்பாடு என்று வந்தது முட்டை போட்ட நூடுல்ஸ். அக்கா சுத்த சைவம். அவள் கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்துப் படுத்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் யோகா நடந்தது வாசல் சிமெண்டுத் தரையில், கார் நிறுத்தும் இடத்தில். சொல்லிக்கொடுக்க வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். போனில் வீடியோவை ஓடவிட்டு அதைப் பார்த்துச் சொன்னான். யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்கு ஆபரேஷன் என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. நேரே சிரசாசனம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தொடவே கூடாத ஆசனம் அது, குழுவில் அறுபது தாண்டியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அக்கா "எனக்கு முட்டி மடங்காதுப்பா" என்றதற்கு, தோளைப் பிடித்து அழுத்தி வஜ்ராசனத்தில் உட்காரவைத்தான். சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது.

நடுவில் டால்ஃபின் படகு. தமரினில் போய்ப் பார்த்தால் ஆளுக்கு இன்னும் 1,500 கேட்கிறார்கள். பத்தொன்பது பேருக்கு ஒரே படகு, லைஃப் ஜாக்கெட் ஒன்பது. பக்கத்தில் நின்ற படகுகளில் எல்லாம் பதிவு எண் எழுதியிருந்தது, இதில் இல்லை. ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டோம். ஷாமரேல் வேன் வரவே இல்லை. லே மோர்னுக்கு கைடு காசு தனியாம். சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில், நொண்டுகிற அக்காவைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி காத்ர் போர்ன் வந்து சேர்ந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுத் திங்கட்கிழமையிலிருந்து இந்த ஓட்டம். முதல் போனில் "பா ட்ராகாசே", கவலைப்படாதே என்று கிரியோலில். அப்புறம் கணக்கர் லீவு. அப்புறம் இருபத்தொரு வேலை நாள். அப்புறம் "புயல் காரணமாகத் திட்டம் மாறியது, அதற்குப் பொறுப்பில்லை" என்று ஒரு செய்தி. ஜூலையில் புயலா? இங்கே புயல் காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல், மே வரை. எச்சரிக்கை எதுவும் அன்றைக்கு இல்லை. நேரில் போனேன், மாடிக் கதவு பூட்டியிருந்தது. பணம் கைக்குப் போன நாளோடு அவர் தமிழும் நின்றுபோனது. அக்கா என்று கூப்பிட்டவருக்கு நான் மேடம் ஆகிவிட்டேன். "ஒரே ரத்தம்" என்று சொன்ன வாய்.

தமிழ் பேசினால் நம்பலாம் என்ற எண்ணத்தைத்தான் அவர் விற்றார், 36,000 ரூபாய்க்கு.

போகிறவர்கள் தயவுசெய்து: தங்கும் இடம், படகு, சுற்றுலா எதுவானாலும் டூரிசம் அதாரிட்டி லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள், இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டை முதலில் போய்ப் பாருங்கள். இன்னும் நிறையச் சொல்ல நினைத்தேன், இப்போது ஓடவில்லை.

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். "விடுடி, கடலைப் பார்த்தேனே, போதும்" என்கிறாள். நான் விடப்போவதில்லை. ஜூஸில் அனுப்பிய பதிவு, அவர் செய்திகள், அக்கா முட்டியின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை நுகர்வோர் விவகாரப் பிரிவுக்கும் போலீசுக்கும் போகிறேன். அந்த வெள்ளிக்கிழமை எங்களோடு இருந்த மற்ற பதினேழு பேரில் யாராவது இதைப் படித்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.