வியன்னா பழைய நகரில் ரிக்‌ஷா ஏறும் முன் இதைப் படியுங்கள்

போன செப்டம்பரில் அம்மாவை வியன்னாவுக்கு அழைத்துப் போயிருந்தேன். நான் வேலை பார்க்கும் மியூனிக்கிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரம்தான். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பழைய நகரத்தின் கடைத்தெருக்களில் கார் வராது, கல் பாவிய தெருக்களில் அவரால் அதிகம் நடக்கவும் முடியாது. அதனால்தான் ஓப்பரா அரங்கத்துக்குப் பின்னால் நின்ற சைக்கிள் ரிக்‌ஷா எங்கள் கண்ணில் பட்டது.

ஓட்டுநர் இளைஞர், நன்றாகவே ஆங்கிலம் பேசினார். "அரண்மனை, கிராபன், ஸ்டெஃபன் தேவாலயம், எல்லாம் சுற்றி நாற்பது யூரோ" என்றார். "எங்கள் இரண்டு பேருக்குமா?" என்று கேட்டேன். தலையசைத்தார். சரி, அம்மாவின் காலுக்காகக் கொடுக்கலாம் என்று ஏறிவிட்டோம்.

புறப்பட்டதிலிருந்தே அவருக்கு அவசரம் இல்லை. ஹெல்டன்பிளாட்ஸ் திடலில் இறக்கி, "நிதானமாகப் படம் எடுங்கள்" என்றார். அப்புறம் ஒரு சாக்லேட் கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினார். ஆனால் மிகாயேலர்பிளாட்ஸில் திறந்தே கிடக்கும் ரோமானியர் காலச் சுவர்களைக் காட்டாமல் கடந்தார். அம்மா பார்க்க ஆசைப்பட்டது கிராபன் தெருவில் இருக்கும் கொள்ளைநோய்த் தூணை. 1679-இல் பிளேக் ஊரையே வாரிக்கொண்டு போனபோது பேரரசர் லியோபோல்ட் நேர்ந்துகொண்டு எழுப்பியது அது. மேகமும் தேவதைகளுமாகச் செதுக்கிய தூணில் அவரே மண்டியிட்டு வேண்டுகிற சிலையும் உண்டு. நிறுத்தச் சொன்னோம். கூட்டமாக இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டே போய்விட்டார். நிறுத்தியது எல்லாம் நேரத்தை ஓட்டத்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தேவாலயத்தின் முன் இறங்கி நாற்பது யூரோவை நீட்டினேன். வாங்கவில்லை. இருக்கையின் பக்கவாட்டில் செருகியிருந்த அட்டையை உருவிக் காட்டினார். ஜெர்மனில், பொடி எழுத்தில்: நாற்பது யூரோ, ஓர் ஆளுக்கு, பதினைந்து நிமிடத்துக்கு. நாங்கள் சுற்றியது நாற்பத்தைந்து நிமிடம், இரண்டு பேர். மொத்தம் 240 யூரோ. எனக்கு ஜெர்மன் படிக்கத் தெரியும். ஏறும்போது அந்த அட்டை கண்ணில் படுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். வந்த தூரம் இரண்டு கிலோமீட்டர்கூட இராது.

"இரண்டு பேருக்கும் சேர்த்தா என்று கேட்டேனே" என்றேன். கேட்டதாகவே நினைவில்லை என்றார். கார்டில் கட்டுகிறேன் என்றதற்கு இயந்திரம் வேலை செய்யவில்லை, பக்கத்து ஏடிஎம் வரை நானே கூட வருகிறேன் என்றார். போலீசைக் கூப்பிடுவேன் என்றதும் 150-க்கு இறங்கினார். அதற்குள் இன்னும் இரண்டு ஓட்டுநர்கள் வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொடுத்துட்டு வாடா, ஊர் தெரியாத இடத்துல நமக்கு வம்பு வேண்டாம்" என்றார். அவர் கை நடுங்கியது. கொடுத்துவிட்டேன். ரசீது தரவில்லை. அட்டையையோ வண்டியையோ நான் படம் பிடிக்கவும் இல்லை. அதனால் பிறகு யாரிடமும் முறையாகப் புகார் செய்ய வழியில்லாமல் போயிற்று.

பணம் போனதைவிட, அன்று இரவு முழுக்க அம்மா "என் காலால்தானே இப்படி ஆச்சு" என்று வருந்திக்கொண்டே இருந்தார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை அதே தேவாலயத்துக்கு மெட்ரோவில் போனோம். பிரதான வாசலுக்கு இடப்பக்கச் சுவரில் இரண்டு இரும்புக் கம்பிகள் பதித்திருக்கின்றன. நம் முழக்கோல் மாதிரி, அந்தக் காலத்தில் துணி அளந்த கோல்கள். ஒன்று ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், இன்னொன்று 78. கடைக்காரர் அளவில் ஏமாற்றிவிட்டார் என்று சந்தேகம் வந்தால் வாங்கிய துணியை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் வந்துபோகிற இடத்தில், கை எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அம்மா அந்தக் கம்பிகளை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின மாலை நாங்கள் இறங்கி வாதாடிய இடம் அங்கிருந்து சில அடிதான்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஓப்பராவை ஒட்டிய கார்ல்ஸ்பிளாட்ஸிலிருந்து ஸ்டெஃபன்ஸ்பிளாட்ஸுக்கு யு1 மெட்ரோவில் ஒரே நிறுத்தம். இரண்டு இடத்திலும் லிஃப்ட் உண்டு. பழைய நகரத்துக்குள்ளேயே 2ஏ போன்ற சின்னப் பேருந்துகளும் ஓடுகின்றன, தாழ்தளப் பேருந்து என்பதால் ஏறுவது சுலபம். நாங்கள் மறுநாள் அப்படித்தான் சுற்றினோம்.

ரிக்‌ஷாதான் வேண்டும் என்றால் ஏறும் முன்பே விலை அட்டையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஓர் ஆளுக்கா, வண்டிக்கா, நிமிடக் கணக்கா என்று பாருங்கள். பேசிய மொத்தத் தொகையை போனில் தட்டி, இரண்டு பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று ஓட்டுநரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு ஏறுங்கள். அட்டையையும் வண்டியையும் அப்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். தகராறு வந்தால் அவரோடு ஏடிஎம்முக்கு மட்டும் போக வேண்டாம். ஆஸ்திரியாவில் போலீஸ் எண் 133. கூப்பிடுவேன் என்று சொல்லிக்கொண்டு நிற்காமல் கூப்பிட்டுவிடுங்கள். நான் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன்.