டெட்ராய்ட் பக்கம் பழைய டூல் பாக்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன நவம்பரில் 2,400 டாலர் ரொக்கமாக எண்ணிக் கொடுத்து ஒரு பழைய டூல் பாக்ஸ், அதாவது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டிராயரும் சக்கரமும் வைத்த பெரிய இரும்புப் பெட்டி, வாங்கினேன். பிப்ரவரி மூன்றாம் வாரம் இரண்டு பேர் லாரியோடு வந்து அதை என் கராஜிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். திருடர்கள் இல்லை. அவர்கள் கையில் காகிதம் இருந்தது; என்னிடம்தான் ஒன்றும் இல்லை. மிச்சிகனில் நம் ஆட்கள் பலர் இப்போது கராஜில் சொந்தமாகக் கார் வேலை பார்க்கிறார்கள். அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் நோவையில் (Novi) வீடு, இரண்டு கார். இந்த ஊர்ப் பட்டறையில் பிரேக் பேட் மாற்றக் கேட்கும் கூலியைப் பார்த்துவிட்டு நானே செய்யக் கற்றுக்கொண்டேன். ஆறு வருஷத்தில் ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஜாக் என்று சேர்ந்து எல்லாம் மூன்று பிளாஸ்டிக் டப்பாவிலும் ஒரு கிழிந்த சூட்கேஸிலும் கிடந்தன. 10 மி.மீ. சாக்கெட்டைத் தேடியே பாதி ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கோவையில் மாமாவின் லேத்துப் பட்டறையில் எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி அதில்தான் ஸ்பேனர்களை நிறுத்தி வைத்திருப்பார். நாற்பது வருஷம் அதிலேயே ஓட்டினார் மனிதர். எனக்குத்தான் டிராயர் கேட்டது.

முதலில் புதுசு பார்க்கத்தான் போனேன். ஹார்பர் ஃப்ரெய்ட்டில் யூ.எஸ். ஜெனரல், ஹோம் டிப்போவில் ஹஸ்கி. ஒவ்வொரு டிராயராக இழுத்துப் பார்த்தேன். 1,000 டாலருக்குள்ளேயே வீட்டுக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். தகட்டின் கனத்தை இங்கே கேஜ் கணக்கில் சொல்வார்கள், எண் குறையக் குறையத் தகடு கனம். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ., 22 என்றால் முக்கால் மி.மீ.தான். டிராயர் பால் பேரிங் ஸ்லைடில், அதாவது சின்ன இரும்புக் குண்டுகள் உருளும் தண்டில், ஓடுகிறதா, தகடும் தகடும் உரசித்தான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஜோடி ஸ்லைடு 100 பவுண்ட், அதாவது 45 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். "ஏங்க, எனக்குக் கிச்சன்லயே இத்தனை டிராயர் கிடையாது" என்றாள் மனைவி. அங்கேயே முடித்திருக்கலாம்.

கெடுத்தது அலுவலக நண்பன். "மச்சான், தகர டப்பாவுக்குப் போய் ஆயிரம் டாலரா? அந்தக் காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா வேன்ல வர்ற பெட்டி பழசா கிடைக்கும். பேரன் காலத்துக்கும் உழைக்கும்" என்றான்.

வேனில் வரும் பெட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், என் கதையே அதில்தான் இருக்கிறது. ஸ்னாப்-ஆன், மேட்கோ, மாக், கார்ன்வெல் என்று நாலு பெயர் இங்கே மெக்கானிக்குகள் வாயில் எப்போதும் இருக்கும். இவற்றைப் பெரும்பாலும் கடையில் போய் வாங்குவதில்லை. ஏஜென்சி எடுத்த ஒருவர் பெரிய வேனில் கருவிகளை அடுக்கிக்கொண்டு வாரம் ஒருமுறை பட்டறை வாசலுக்கே வருவார். புதுப் பெட்டி சில ஆயிரம் டாலரில் தொடங்கும். பெரியது பத்தாயிரத்தைத் தாண்டும், பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம். வேலைக்குச் சேர்ந்த இருபது வயதுப் பையனிடம் அவ்வளவு பணம் ஏது? தவணைதான். நம்மூரில் தவணைக்குப் பாத்திரம் போடுகிறவர் சைக்கிளில் வந்து நோட்டில் வரவு எழுதிக்கொண்டு போவாரே, அதே முறை, டாலரில். கடன் முடிகிறவரை பெட்டி அடமானப் பொருள். பையன் வேலையை விட்டாலும் ஊரை விட்டாலும் கடன் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கார் வாங்கினால் டைட்டிலில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். நம்மூர் ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்பாதிகேஷன் என்று போட்டிருப்பது போல. டூல் பாக்ஸுக்கு டைட்டிலும் கிடையாது, ஆர்.சி.யும் கிடையாது. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. தகட்டின் கனம் பார்த்தேன், சக்கரம் பார்த்தேன், பெட்டி யாருடையது என்று மட்டும் பார்க்கவில்லை.

விளம்பரம் இணையத்தில்தான். எந்தத் தளம், எந்தப் பிராண்ட் என்று சொல்லப் போவதில்லை, அவர்கள் மேல் தப்பில்லை. விற்றவன் 2,800 கேட்டிருந்தான். "முதுகு போய்விட்டது, மெக்கானிக் வேலையை விட்டுவிட்டேன், இடத்தைக் காலி செய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தான். மேகோம்ப் கவுண்டியில் வாடகைக்கு விடும் ஸ்டோரேஜ் அறைகள் வரிசையாக இருக்கும் ஓர் இடத்துக்கு வரச் சொன்னான். நீல ஷட்டரைத் தூக்கியதும் சிவப்புப் பெட்டி பளபளவென்று நின்றது. முப்பத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. கை நகத்தில் கிரீஸ் கறை. அதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன், சத்தியமாக.

டிராயர்களை இழுத்தேன். எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு வந்தன, மேலிருந்து மூன்றாவது மட்டும் பாதியில் சற்றுத் திக்கியது. குனிந்து டார்ச் அடித்தேன். அடிப்பக்க விளிம்பில் மட்டும் கறுப்புப் பெயின்ட் புதிதாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பெயின்ட்டுக்கு அடியில் பொருக்கு நொறுங்குவது தெரிந்தது. குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு காரோடு பட்டறைக்குள் வந்து, பனி உருகித் தரையில் தேங்கும். அந்த உப்புத் தண்ணீர்தான் பெட்டியின் அடியை அரிக்கும். இதைக் காட்டி 400 டாலர் குறைத்துவிட்டேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டேன். அவன் அவ்வளவு சுலபமாக இறங்கியதே என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

இன்னும் மூன்று உறுத்தியிருக்க வேண்டும். சாவி ஒன்றுதான் இருந்தது. ரசீது கேட்டதற்கு "மெக்கானிக்குகளுக்குள் அதெல்லாம் கிடையாது" என்று சிரித்தான். காசோலை வேண்டாம், செயலி வழியாகவும் வேண்டாம், ரொக்கம்தான், அதுவும் இன்றைக்கே எடுத்துப் போக வேண்டும் என்றான்.

ஏற்றிய கதை தனி. காலியாகவே 200 கிலோவுக்கு மேல். சாய்தளம் வைத்த டிரெய்லர் வாடகைக்கு எடுத்து, இரண்டு நண்பர்களைப் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்துப் போனேன். கராஜ் வாசல் படியில் ஏற்றும்போது ஒரு சக்கரத்தின் ரப்பர் பிளந்தது. அப்படியும் அன்று இரவு ஒவ்வொரு டிராயரிலும் ரப்பர் விரித்து, சாக்கெட்டுகளை அளவு வாரியாக அடுக்கி முடித்தபோது மணி ஒன்றரை. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஜனவரியில் இன்னொரு சாவி செய்துகொள்ளலாம் என்று கிளம்பினேன். பூட்டின் முகத்தில் ஒரு குறியீடு இருக்கும், அதைச் சொன்னால் சாவி வரவழைத்துத் தருவார்கள். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துப் பட்டறைக்கு அதே பிராண்டின் வேன் வியாழக்கிழமை வரும் என்று தெரிந்து மதியம் போய் நின்றேன். வேன்காரர் பெரியவர், நன்றாகப் பேசினார். பக்கவாட்டுத் தகட்டில் இருந்த சீரியல் எண்ணைப் போட்டோவில் காட்டினேன். டேப்லட்டில் தட்டினார். பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது யாரிடம் வாங்கினீர்கள்?"

சொன்னேன். எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். "சாவிக்கு வராமலே இருந்திருக்கலாம் நீங்கள்" என்றார். அது அவர் காட்டிய இரக்கம் என்று பிறகுதான் புரிந்தது. அந்தப் பெட்டிக்கு 14 மாதமாகத் தவணை கட்டவில்லை, பாக்கி 6,100 டாலர்.

இரண்டு வாரத்தில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. பாக்கியைக் கட்டிப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம், அல்லது பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசினேன். தொழிலுக்காகக் கடனில் வாங்கிய பொருள், கடன் அரசாங்கப் பதிவிலும் ஏறியிருக்கிறது. விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று நான் சொல்வது எடுபடாது என்றார். பூட்டிய கராஜை உடைத்து எடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. நான் மறுத்தால் கோர்ட்டுக்குப் போவார்கள், செலவு என் தலையில் விழும். சரி, எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வந்த இருவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். டிராயர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வெளியே நின்று காபி குடித்தார்கள். இந்தியன் ஸ்டோரில் வாங்கிய மாம்பழ அட்டைப்பெட்டிகளில் ஸ்பேனர்களை அள்ளிப் போட்டேன். மறுபடி 10 மி.மீ. சாக்கெட் காணாமல் போனது.

போலீஸில் எழுதிக் கொடுத்தேன். புகார் எண் கொடுத்தார்கள், இது சிவில் விவகாரம் போலத் தெரிகிறது என்றார்கள். மிச்சிகனில் 7,000 டாலர் வரைக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அங்கே வக்கீல் கிடையாது, நாமே பேசலாம். எனக்கு வசதியான இடம்தான். ஆனால் யார் மேல் போடுவது? நோட்டீஸ் கொடுக்கப் பெயரும் முகவரியும் வேண்டும். விளம்பரக் கணக்கை அழித்துவிட்டான், போன் எண் வேறு யாரிடமோ போகிறது, ஸ்டோரேஜ் நிர்வாகம் வாடகைக்காரர் விவரத்தைத் தராது. பெயர்கூட உண்மைப் பெயர்தானா என்று தெரியவில்லை.

அதற்காகப் பழசே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் குழுவில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மெக்கானிக்கின் மனைவியிடம் இதேபோல் ஒரு பெட்டி வாங்கினார். அந்த அம்மா பழைய டைரியோடு ரசீதுகளை ரப்பர்பேண்டு போட்டு வைத்திருந்தார், கடைசித் தவணை கட்டிய சீட்டு உட்பட. இன்றைக்கும் அந்த டிராயரை ஒற்றை விரலால் தள்ளலாம். எந்தப் புதுப் பெட்டியும் அதன் பக்கத்தில் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆக, பழசா புதுசா என்பதைவிட அந்தச் சீட்டு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி இப்போது.

சீட்டு இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். சீரியல் எண் உள்ள தகடு எங்கே என்று கேளுங்கள். ரிவெட் பிடுங்கியிருந்தாலோ மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். எண் இருந்தால் விற்பவன் எதிரிலேயே அந்தப் பிராண்டின் உள்ளூர் வேன்காரருக்குப் போன் போட்டு, பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொருவர் கணக்கு விவரத்தை அவர் சொல்லாமலும் போகலாம். ஆனால் நீங்கள் போனை எடுக்கும்போது விற்பவன் முகம் போகிற போக்கே பாதி பதில். கடன் பாக்கி இருக்கிறது என்று அவனே ஒப்புக்கொண்டால் அதுவும் நல்லதுதான்: மூவரும் சேர்ந்து நின்று, பணத்தை நேராகக் கடன் கொடுத்தவருக்குக் கட்டி, முடிந்ததாகக் காகிதம் வாங்கிக்கொள்ளலாம். விற்பனைச் சீட்டு ஒன்று எழுதி, டிரைவிங் லைசென்ஸைப் பார்த்துப் பெயர், முகவரி, சீரியல் எண் மூன்றையும் அதில் ஏற்றுங்கள். மிச்சிகன் அரசின் யூ.சி.சி. பதிவில், அதாவது பொருளை அடமானமாக வைத்துக் கொடுத்த கடன்களைப் பதிந்து வைக்கும் ஏட்டில், கடனாளி பெயரை வைத்துத் தேடலாம். எல்லாக் கடனும் அங்கே ஏறியிருக்காது, இருந்தாலும் தேடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஆயுள் உத்தரவாதம் என்று விற்பவன் அளந்துவிட்டால் மயங்க வேண்டாம். பல பிராண்டுகளில் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான்.

நான் இப்போது வைத்திருப்பது 44 அங்குலக் கடைப் பெட்டி, புதுசு, வரியோடு அறுநூறு சொச்சம். கனமான சாக்கெட் டிராயரை முழுக்க இழுத்தால் முன்பக்கம் லேசாகத் தொய்கிறது. மேல்தட்டில் சுத்தி விழுந்த இடத்தில் பெயின்ட் உரிந்துவிட்டது. பிரேக் வேலைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. ரசீதை லேமினேட் செய்து மேல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

இதை இன்றைக்கு உட்கார்ந்து எழுதக் காரணம், போன சனிக்கிழமை ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வேறு பெயர், வேறு பெட்டி, இந்த முறை கறுப்பு நிறம், 3,100 கேட்டிருக்கிறான். பின்னால் அதே நீல ஷட்டர். தரையில் கோணலாக வெட்டிப் போட்ட அதே சாம்பல் நிறக் கார்ப்பெட் துண்டு. முதுகு போய்விட்டதாம், இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். புகார் எண்ணோடு போலீஸுக்கு அனுப்பிவிட்டேன், தளத்துக்கும் எழுதிவிட்டேன். இன்று காலை பார்த்தபோதும் விளம்பரம் அப்படியே இருந்தது. மேகோம்ப் பக்கம் யாராவது பார்க்கப் போவதாக இருந்தால், போகாதீர்கள்.